சியோனா, எபிக்கா? தேயிலைக் கணக்குக்கு ஏற்ற செயலி எது?

வணிகக் கணக்குகளுக்கென்றே அமைக்கப்பட்ட முதல் கணினி, தேயிலை விற்ற ஒரு கம்பனியின் அலுவலகத்தில் பிறந்தது. இலண்டனில் தேநீர்க் கடைகளை நடத்தி, தேயிலையும் ரொட்டியும் கேக்கும் விற்றுவந்த ஜே. லையன்ஸ் நிறுவனம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினியை முன்மாதிரியாகக் கொண்டு லியோ என்னும் இயந்திரத்தை உருவாக்கி, 1951 நவம்பரில் தனது பேக்கரிப் பொருள்களின் மதிப்பீட்டுக் கணக்கை அதனிடம் ஒப்படைத்தது. 1954இல் ஊழியரின் சம்பளக் கணக்கும், பின்னர் தேயிலைக் கலவைக் கணக்கும் அதனுடன் சேர்ந்தன. பாதரசம் நிரப்பிய 64 குழாய்களில் 2,048 எண்களை மட்டுமே நினைவில் வைத்திருக்கக்கூடிய அந்த இயந்திரம் ஒரு பெரிய அறையையே அடைத்துக்கொண்டிருந்தது. தேயிலைத் தொழிலுக்கும் கணினிக்கும் உள்ள உறவு அத்தனை பழையது.

இலங்கையில் தலவாக்கலைக்கும் தவலந்தென்னைக்கும் இடையில் மலைச்சரிவுகளில் அமைந்துள்ள பூண்டுலோயா போன்ற தோட்டப் பகுதிகளில் பறிக்கப்படும் கொழுந்து, தொழிற்சாலையில் தூளாகிக் கொழும்புத் தேயிலை ஏலத்தை அடைகிறது. 1883 ஜூலை 30ஆம் திகதி தொடங்கிய அந்த ஏலம், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தரகரும் கொள்வனவாளரும் நேரில் கூடி விலை கூறும் முறையிலேயே நடந்துவந்து, கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரலில், இணையவழி ஏலமாக மாறியது. செக்ரோல் என்று தோட்டங்களில் வழங்கும் நாட்சம்பளப் பதிவேடு, கொழுந்தின் நிறை, தொழிற்சாலைக் கையிருப்பு, ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு ஆகியவையும் படிப்படியாகக் கணினிக்குள் வந்து சேர்கின்றன. இவ்வாறான பணிகளை இரவும் பகலும் ஓயாது செய்து, பல இடங்களிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரே நேரத்தில் விடையளிக்கும் கணினியே சேவையகம், அல்லது பேச்சுவழக்கில் சேர்வர், எனப்படுகிறது. அதன் உள்ளே கணக்கிடும் வேலையைச் செய்யும் சில்லு செயலியாகும். இலங்கைப் பாடநூல்கள் அதை முறைவழியாக்கி என்று குறிப்பிடுகின்றன.

சேவையகச் செயலிச் சந்தையில் இரண்டு பெயர்களே நெடுங்காலமாகப் போட்டியிடுகின்றன. இன்டெல் நிறுவனத்தின் சியோன் 1998இல் அறிமுகமாகி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அசைக்க முடியாத இடத்தில் இருந்தது. ஏஎம்டி நிறுவனம் 2003இல் ஒப்டெரான் என்ற செயலியைக் கொண்டுவந்து, இன்டெல் வகைக் கணினிகளில் 64 பிட் கணிப்பை முதன்முதலில் சாத்தியமாக்கிய போதிலும், அடுத்த பத்தாண்டில் பின்தங்கிச் சந்தையிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போயிற்று. 2014இல் லீசா சூ அந்நிறுவனத்தின் தலைமையை ஏற்ற பின்னர், 2017இல் எபிக் என்ற புதிய வரிசை வெளிவந்தது. அதன் முதல் தலைமுறையில் ஒரு செயலிக்கு 32 கோர்கள் வரை இருந்தன. 2019இல் 64 ஆகவும், 2022இல் 96 ஆகவும் அந்த எண்ணிக்கை உயர்ந்தது. கோர் என்பது தனித்து ஒரு வேலையைச் செய்து முடிக்கக்கூடிய கணிப்பு அலகு ஆகும்; ஒரு செயலியில் எத்தனை கோர்கள் உள்ளனவோ அத்தனை வேலைகள் ஒருங்கே நடக்கும். சேவையகத்திடம் ஒரே வேளையில் பலர் பல வேலைகளைக் கேட்பதால், வீட்டுக் கணினியைவிட அங்கே கோர்களின் எண்ணிக்கைக்கு மதிப்பு அதிகம்.

ஒப்பீட்டுக்காக இரு நிறுவனங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெளியிட்ட உச்ச மாதிரிகளை எடுத்துக்கொள்ளலாம். 2022 நவம்பரில் வந்த எபிக் 9654, 96 கோர்களையும், நொடிக்கு 240 கோடித் துடிப்பு, அதாவது 2.4 கிகாஹேர்ட்ஸ், என்ற அடிப்படை வேகத்தையும் கொண்டது. 2023 ஜனவரியில் வந்த சியோன் பிளாட்டினம் 8490எச், 60 கோர்களையும் 1.9 கிகாஹேர்ட்ஸ் அடிப்படை வேகத்தையும் கொண்டது. அடிக்கடி தேவைப்படும் தரவைக் கோர்களின் அருகிலேயே வைத்துக்கொள்ளும் பதுக்கு நினைவகம் முன்னதில் 384 மெகாபைட்டாகவும், பின்னதில் 112.5 மெகாபைட்டாகவும் அமைந்துள்ளது. குளிரூட்டும் ஏற்பாட்டைத் திட்டமிடுவதற்காக நிறுவனங்கள் அறிவிக்கும் மின்வலு அளவு எபிக்குக்கு 360 வாட், சியோனுக்கு 350 வாட். ஆக, கிட்டத்தட்ட ஒரே அளவு மின்சாரத்துக்கு எபிக் 36 கோர்களை அதிகமாகத் தருகிறது.

கோர்களின் எண்ணிக்கை மட்டும் வேகமாகிவிடாது. தேயிலைத் தொழிற்சாலையில் எத்தனை ரோலர்களைப் பொருத்தினாலும், வாட்டும் தட்டுகளிலிருந்து கொழுந்து வந்து சேரும் அளவுக்கே அவை ஓடும். கொழுந்து தாமதித்தால் ரோலர்கள் வெறுமனே நிற்கும். செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையில் தரவு செல்லும் நினைவகத் தடங்கள் அந்த விநியோகத்தையே தீர்மானிக்கின்றன. எபிக்கில் அவை 12, சியோனில் 8. இரண்டும் ஒரே வேக டிடிஆர்5 நினைவகத்தைப் பயன்படுத்துவதால், நொடிக்கு எபிக் 460.8 கிகாபைட்டையும் சியோன் 307.2 கிகாபைட்டையும் கொண்டுசெல்லக் கூடியவை. இந்தத் தொகையைக் கோர்களுக்குப் பங்கிட்டால் முடிவு சற்று மாறுகிறது: எபிக்கின் ஒரு கோருக்கு 4.8 கிகாபைட்டும், சியோனின் ஒரு கோருக்கு 5.1 கிகாபைட்டும் கிடைக்கின்றன. மொத்தத்தில் எபிக் முந்தினாலும் தனிக் கோரின் பங்கில் அது முந்தவில்லை என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. சேமிப்பகத் தட்டுகளையும் வலையமைப்பு அட்டைகளையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்களிலோ 128க்கு 80 என்ற வேறுபாடு தெளிவாகவே உள்ளது.

செயலிகளின் வேகத்தை அளக்க, 1988இல் நிறுவப்பட்ட ஸ்பெக் என்ற அமைப்பின் சோதனைத் தொகுப்பைக் கணினித் துறையினர் பொதுவான அளவுகோலாகக் கொள்கின்றனர். நிரல் மொழிபெயர்ப்பு, தரவுச் சுருக்கம், காணொளிக் குறியாக்கம் போன்ற உண்மையான வேலைகளின் பல பிரதிகளை ஒருங்கே ஓடவிட்டு, எவ்வளவு வேலை முடிந்தது என்று பார்ப்பது அதன் முறை. அதன் 2017ஆம் ஆண்டுத் தொகுப்பின் முழுவெண் சோதனையில், இரண்டு எபிக் 9654 பொருத்திய கணினி சுமார் 1,800 புள்ளிகளையும், இரண்டு சியோன் 8490எச் பொருத்திய கணினி சுமார் 1,000 புள்ளிகளையும் பெற்றன. பொதுவான கணக்கு வேலையில் எபிக்கின் மேன்மையை இது ஐயமின்றிக் காட்டுகிறது.

இந்த இடைவெளிக்குக் காரணம் செயலியைத் தயாரிக்கும் முறையிலேயே இருக்கிறது. சிலிக்கன் தகட்டில் ஆங்காங்கே நுண்ணிய பழுதுகள் ஏற்படுவது தவிர்க்க இயலாதது என்பதால், தகட்டிலிருந்து வெட்டி எடுக்கும் துண்டு பெரிதாகப் பெரிதாக அதில் ஒரு பழுதாவது விழுந்து, துண்டு வீணாகும் வாய்ப்பும் பெருகுகிறது. ஏஎம்டி நிறுவனம் 8 கோர்கள் கொண்ட, சுமார் 72 சதுர மில்லிமீற்றர் பரப்புள்ள சிறு துண்டுகளைத் தாய்வானின் டிஎஸ்எம்சி ஆலையில் 5 நானோமீற்றர் முறையில் தயாரித்து, நல்லவற்றைத் தெரிந்தெடுத்து, அவற்றில் 12ஐ ஒரு நடுத் துண்டைச் சுற்றி இணைத்து 96 கோர் செயலியாக்குகிறது. இன்டெல் தனது 60 கோர் செயலியை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 400 சதுர மில்லிமீற்றர் கொண்ட நான்கு பெரிய துண்டுகளாக, தனது சொந்த ஆலையில், ஒரு தலைமுறை பழைய முறையில் தயாரித்தது. அதன் 10 நானோமீற்றர் தயாரிப்பு முறை பல ஆண்டுகள் தாமதமானதன் விளைவு அது. பழுதான துண்டின் இழப்பு சிறியதாகும்போது நல்ல துண்டின் விலையும் குறைகிறது. மலிவும் வேகமும் ஒரே மூலத்திலிருந்து வந்தமையால்தான் எபிக் இரண்டிலும் ஒருங்கே முந்திற்று.

சியோனின் பலம் வேறிடத்தில் உள்ளது. செயற்கை நுண்ணறிவு நிரல்களில் எண்களை அட்டவணைகளாக வைத்துப் பெருக்கும் வேலையே பெரும்பகுதி. அதற்கென ஏஎம்எக்ஸ் என்னும் தனி உறுப்பை இன்டெல் ஒவ்வொரு கோரினுள்ளும் பொருத்தியுள்ளது. தரவைச் சுருக்குதல், மறைகுறியாக்குதல், நினைவகத்தின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துதல் ஆகியவற்றுக்கும் தனித்தனி முடுக்கிகள் செயலியிலேயே அமைந்துள்ளன. நிரல் அவற்றைப் பயன்படுத்தும்படி எழுதப்பட்டிருந்தால் பலன் பெரிது. எழுதப்படாவிட்டால், வாங்கிய பணத்தின் ஒரு பகுதி செயலிக்குள் உறங்கிக் கிடக்கும். சில மாதிரிகளில் இந்த முடுக்கிகளைத் திறக்கத் தனிக் கட்டணம் செலுத்தும் ஏற்பாட்டையும் இன்டெல் கொண்டுவந்தது. விலை கொடுத்து வாங்கிய பொருளின் உறுப்பைத் திறக்க மீண்டும் விலை கேட்பது வாங்குபவரின் கண்ணில் நியாயமாகப் படாது.

இன்னொரு பலம் மறுக்க முடியாதது. ஒரே கணினியில் எபிக் செயலிகள் இரண்டை மட்டுமே இணைக்கலாம். சியோன் 8490எச் எட்டு வரை இணையும். பல டெராபைட் அளவுள்ள முழுத் தரவுத்தளத்தையும் வட்டில் வைக்காமல் நினைவகத்திலேயே வைத்து இயக்கும் சாப் ஹானா போன்ற மென்பொருள்களுக்கு இத்தகைய பெருங்கணினி தேவைப்படுகிறது. பாதுகாப்பைப் பொறுத்தமட்டில், ஒரே கணினியைப் பல மெய்நிகர் இயந்திரங்களாகப் பிரித்துப் பலருக்கு வாடகைக்கு விடும்போது ஒருவரின் நினைவகத்தை மற்றவர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கும் வசதியை ஏஎம்டி எஸ்ஈவி என்ற பெயரிலும், இன்டெல் டிடிஎக்ஸ் என்ற பெயரிலும் வழங்குகின்றன. சொந்தக் கட்டடத்தில் சொந்தக் கணக்கை மட்டும் ஓட்டும் நிறுவனத்துக்கு இது முடிவைத் தீர்மானிக்கும் அம்சமன்று.

விலையில், அறிமுகத்தின்போது அறிவிக்கப்பட்ட பட்டியல் விலை எபிக் 9654க்கு 11,805 டொலர், சியோன் 8490எச்சுக்கு 17,000 டொலர். ஒரு கோருக்கு முன்னது 123 டொலரும் பின்னது 283 டொலரும் ஆகின்றன. 480 கோர்கள் தேவைப்படும் ஒரு பெரிய தரவு நிலையத்தை எண்ணிப் பார்த்தால், ஐந்து எபிக்குகளுக்கு 59,025 டொலரும் 1,800 வாட்டும், எட்டு சியோன்களுக்கு 136,000 டொலரும் 2,800 வாட்டும் தேவைப்படும். மொத்தமாக வாங்குவோருக்குப் பட்டியல் விலையில் பெரிய கழிவு கிடைப்பது வழக்கமாயினும், இவ்வளவு பெரிய இடைவெளியைக் கழிவு மட்டும் மூடிவிடாது. போட்டியின் அழுத்தம் பின்னர் வெளிப்படையாகவே தெரிந்தது: 2024 செப்டெம்பரில் 128 கோர்களுடன் 17,800 டொலருக்கு வந்த சியோன் 6980பி, அடுத்த மாதமே 12,984 டொலர் விலையில் அதே 128 கோர்களுடன் எபிக் 9755 வந்துவிட்டதால், 2025 தொடக்கத்தில் 12,460 டொலராகக் குறைக்கப்பட்டது. புதிய தலைமுறையில் கோர் எண்ணிக்கையிலும் நினைவகத் தடங்களிலும் இரு நிறுவனங்களும் நெருங்கிவிட்டன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இலங்கையில் வாங்குபவருக்கு டொலர் விலை பாதிச் செய்தியே. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவாக இருந்தபோது 17,000 டொலர் 34 இலட்சம் ரூபா. மே மாதத்தில் டொலர் சுமார் 360 ரூபாவானபோது அதே தொகை 61 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஒரு பொருளின் விலை சில வாரங்களில் இவ்வாறு ஏறக்கூடிய நாட்டில், தேவைக்கு மேற்பட்ட செயலியை வாங்குவது வெறும் ஆடம்பரமாகிவிடும்.

அப்படியானால் தேவை எவ்வளவு? ஆயிரம் தொழிலாளர் வேலை செய்யும் ஒரு தோட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். மாதம் 25 நாள் வேலை பதிவானால் செக்ரோலில் 25,000 பதிவுகள், ஆண்டுக்கு 3 இலட்சம்; நாளுக்கு மூன்று முறை கொழுந்து நிறுத்தால் மேலும் 9 இலட்சம். மலையேறி இறங்கிப் பறித்தவர்களின் ஓராண்டு உழைப்பு முழுவதும் அடங்கிய அந்தப் பன்னிரண்டு இலட்சம் வரிகளையும் கூட்டிப் பார்க்க இன்றைய சேவையகச் செயலியின் ஒற்றைக் கோருக்குச் சில நொடிகள் போதும். இருபது தோட்டங்களை நிருவகிக்கும் ஒரு பெருந்தோட்டக் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கும் 96 கோர்கள் தேவைப்படா. ஏல மேடையைப் போன்று, பல கொள்வனவாளர் ஒரே கணத்தில் விலை பதியும் பணியில்கூட, மொத்தக் கோர்களைவிட ஒவ்வொரு கோரின் வேகமும் சேமிப்பகத்தின் வேகமும் வலையமைப்பின் உறுதியுமே முக்கியமாகின்றன.

எனவே உச்ச மாதிரிகளை விட்டு, இத்தகைய நிறுவனங்கள் உண்மையில் வாங்கக்கூடிய அளவுக்கு இறங்கிப் பார்க்க வேண்டும். அங்கே படம் மாறிவிடுகிறது. அதே தலைமுறையைச் சேர்ந்த எபிக் 9124, 16 கோர்கள், 3.0 கிகாஹேர்ட்ஸ், 200 வாட், 1,083 டொலர். சியோன் சில்வர் 4416 பிளஸ், 20 கோர்கள், 2.0 கிகாஹேர்ட்ஸ், 165 வாட், 1,176 டொலர். ஒரு கோரின் விலை எபிக்கில் சுமார் 68 டொலர், சியோனில் சுமார் 59 டொலர்; ஒரு கோரின் மின்வலு எபிக்கில் 12.5 வாட், சியோனில் 8.25 வாட். மேல்தட்டில் எபிக்குக்குச் சாதகமாயிருந்த இரு கணக்குகளும் இங்கே தலைகீழாகின்றன. ஆயினும் அடிப்படை வேகத்தில் எபிக் ஒன்றரை மடங்கு; பதுக்கு நினைவகமும் 37.5 மெகாபைட்டுக்கு எதிராக 64 மெகாபைட். எண்ணிக்கையில் குறைந்த, ஆனால் விரைவாக ஓடும் கோர்களையே கணக்கு மென்பொருள்கள் பெரும்பாலும் விரும்புகின்றன.

இந்த இடத்தில் மென்பொருள் உரிமக் கட்டணம் குறுக்கிடுகிறது. மைக்ரோசொப்டின் விண்டோஸ் சேர்வர் கோர்களின் எண்ணிக்கைப்படி விற்கப்படுகிறது. ஒரு கணினிக்குக் குறைந்தது 16 கோர்களுக்கு உரிமம் பெற்றாக வேண்டும். 16 கோர் எபிக் அந்த அடிப்படை உரிமத்துக்குள் சரியாக அடங்குகிறது. 20 கோர் சியோனுக்கு மேலும் நான்கு கோர்களுக்குப் பணம் கட்ட வேண்டும். மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் விஎம்வேர் மென்பொருளும், பிரோட்கொம் நிறுவனம் அதை 2023 நவம்பரில் வாங்கிய பின்னர், கோர் கணக்கிலான சந்தாவாகவே கிடைக்கிறது. ஆகவே, பயன்படாத கோர் என்பது ஒருமுறை வீணான செலவோடு முடியாமல் ஆண்டுதோறும் கட்டணம் கேட்கும். லினக்ஸ், போஸ்ட்கிரஸ் போன்ற கட்டணமற்ற மென்பொருள்களில் ஓடும் நிறுவனத்துக்கு இந்தத் தடையில்லை. அங்கே கோர்கள் கூடினால் இலாபமே.

மின்சாரமும் இடமும் கடைசியாகப் பார்க்க வேண்டியவை அல்ல. 360 வாட் செயலி ஓராண்டு முழுவதும் முழுவலுவில் ஓடினால் 3,154 அலகு மின்சாரம் செல்லும். குளிரூட்டும் செலவு அதற்கு மேல். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்ததை நினைவிற்கொண்டால், யூபிஎஸ் மின்கலமும் மின்பிறப்பாக்கியும் தாங்கக்கூடிய வலுவே செயலியின் எல்லையைத் தீர்மானிக்கும் என்பது புரியும். மலையகத்தின் குளிர்ந்த காற்று குளிரூட்டும் செலவைக் குறைக்குமே என்று தோன்றலாம். ஆனால் தொழிற்சாலையை ஒட்டிய அலுவலகத்தில் பறக்கும் தேயிலைத் தூசும் மழைக்காலத்து ஈரமும் கணினியின் காற்றாடிகளுக்கு உகந்தவை அல்ல. இரவில் ஒரு மின்வழங்கி பழுதானால் கொழும்பிலிருந்து உதிரிப்பாகம் எத்தனை மணி நேரத்தில் மலையேறும் என்ற கேள்வி, எந்த ஸ்பெக் புள்ளியையும்விடக் கனமானது. சேவையகத்தைச் சொந்தமாக வாங்காமல் முகில் கணிமை நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இந்தக் கவலைகள் குறையும். அங்கே எபிக், சியோன் இரண்டும் மணிக்கணக்கில் கிடைப்பதோடு, அமேசன் 2018இல் அறிமுகப்படுத்திய கிராவிற்றன் போன்ற, ஆர்ம் என்ற வடிவமைப்பில் அமைந்த செயலிகளும் போட்டிக்கு வந்துவிட்டன.

செயலியில் மட்டும் கண்ணைப் பதித்தால் என்ன நேரும் என்பதற்கு இலங்கையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2023 ஆகஸ்டில் லங்கா அரசாங்க முகில் எனப்படும் அரசு சேவையகத் தொகுதி, தரவுகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரலால் தாக்கப்பட்டபோது, சுமார் 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகளின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. அந்தக் காலத்துக்குத் தனியே துண்டித்து வைக்கப்பட்ட மறுபிரதி இருக்கவில்லை; மின்னஞ்சல் மென்பொருளும் 2013ஆம் ஆண்டுப் பதிப்பாகவே இருந்தது. அந்த இழப்பை எந்தச் செயலியும் தடுத்திருக்காது. பழைய மென்பொருளைப் புதுப்பிப்பதும் மறுபிரதியைத் தனியே வைப்பதும் தடுத்திருக்கக்கூடும்.

பெரிய தரவு நிலையங்களுக்கு, 2022–23 தலைமுறையைப் பொறுத்தவரை, எபிக்கே சிறந்த கொள்முதல். எட்டுச் செயலிகளைக் கோரும் நினைவகத் தரவுத்தளமோ, ஏஎம்எக்ஸ் உறுப்பைப் பயன்படுத்தும் நிரலோ உள்ள இடங்களில் மட்டும் சியோனைத் தெரிவது நியாயமாகும். தோட்டக் கம்பனி, கூட்டுறவுச் சங்கம், பிரதேச வைத்தியசாலை போன்ற சிறு நிறுவனங்களுக்கு 16 முதல் 20 வரை கோர்களுள்ள ஒற்றைச் செயலி தாராளமாகப் போதும். விண்டோஸைப் பயன்படுத்துபவர்களுக்கு அந்த அளவில் எபிக் சற்று முந்துகிறது, மின்சாரத்தைச் சிக்கனப்படுத்த வேண்டியவர்களுக்குச் சியோன் சில்வர் பொருந்துகிறது. உச்ச மாதிரியைத் தவிர்ப்பதால் மிஞ்சும் பணத்தை இரண்டாவது மின்வழங்கிக்கும், வேறொரு கட்டடத்தில் வைக்கும் மறுபிரதிச் சேமிப்பகத்துக்கும் ஒதுக்குமாறு விலைமனு கோரும்போதே நிறுவனங்கள் எழுதிவைக்க வேண்டும்.